ஒன்பதாம் தொட்டி

“மீனு கண்ண மூடுமாடி?” என்று ஐரின் ஒருமுறை சலேத்திடம் கேட்டாள்.

அப்போது சலேத்துக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பதினெட்டு. கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்து, வயிறு முட்டிய கப்பி மீன்களைக் குட்டி போடுவதற்காகத் தனித்தனி டப்பாக்களில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மூடாது என்று சலேத் சொன்னாள். மீனுக்கு இமையே கிடையாது, தூங்கும்போதும் கண் திறந்துதான் இருக்கும். அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

“அப்ப நீயும் மீனுதான்டி. வாயத் திறக்குற, சத்தம் மட்டும் வரமாட்டேங்குது” என்று ஐரின் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணடித்தாள். அவளுக்கு ஒழுங்காகக் கண்ணடிக்க வராது. குழந்தையாக இருந்தபோது துணி துவைக்கிற கல்லில் விழுந்து இடது இமை இழுத்துக்கொண்டது. இமைக்கும்போது வலது கண் முதலில் மூடும். இடது கண் மறந்துபோய் நினைவு வந்ததைப் போலக் கொஞ்சம் தாமதித்து மூடும்.

நான்கு வருடம் கழித்து, ஆனி மாதத்துக் காற்று கொட்டகையின் பச்சை வலையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஒன்பதாம் தொட்டியிலிருந்து மொண்டு கண்ணாடி ஜாடியில் விட்ட ஒரு குட்டி கண்ணை மூடித் திறந்ததைச் சலேத் பார்த்தாள்.

வெளிச்சம்தான் என்று நினைத்தாள். வலை ஆடும்போது நிழலும் வெயிலும் மாறி மாறி ஜாடியின்மேல் ஓடின. அதில் ஒரு நிழல் மீனின் கண்மேல் விழுந்து விலகியிருக்கலாம். ஜாடியைத் தாவணி முனையால் மறைத்துக்கொண்டு காத்திருந்தாள். விரலில் பாதி நீளம்கூட இல்லாத குட்டி, சாம்பல் நிறம். வாலை மட்டும் அசைத்தபடி ஒரே இடத்தில் நின்றது. அதன் கண்ணைச் சுற்றித் தோல் ஒரு மெல்லிய கோடாக மடிந்திருந்தது. ஆயிரக்கணக்கான மீன்களை ஜாடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள், அந்தக் கோட்டை எதிலும் பார்த்ததில்லை. கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள். அது மறுபடி மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அடுத்ததை மொண்டாள்.

கொட்டகை வீட்டுக்குப் பின்னால், மதுரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆறு தென்னைகளுக்கும் ஆழ்குழாய்க்கும் நடுவில் இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், பக்கங்களில் வலை, உள்ளே ஒன்பது சிமெண்டுத் தொட்டிகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் ஏர் பம்பு. அதன் முனகலும், குழாய் நுனிகளில் குமிழ் உடைகிற ஓயாத சலசலப்பும், வலையின் படபடப்பும் சேர்ந்து, உள்ளே நிற்பவரை வாசலில் நின்று கூப்பிட்டால்கூடக் கேட்காது. காற்று நகரத்துப் பக்கமிருந்து அடித்தால் தோல் பதனிடுகிற வாடை வரும். காற்று நின்றால் பாசியும் ஊறிய சுண்ணாம்பும் மணக்கும். பள்ளிக்கூடத்தைவிட அந்த இடம் சலேத்துக்குப் பிடித்திருந்தது. பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன ஒரு நாளில் அவள் தொண்டை அடைத்துக்கொண்டு, வகுப்பு முழுக்கச் சிரித்து முடிக்கும்வரை புத்தகத்தைப் பிடித்தபடி நின்றாள். அதற்குப் பிறகு போகவில்லை. மீன்கள் யாரையும் வாசிக்கச் சொல்வதில்லை.

சிமெண்டுத் தொட்டியில் இருக்கும் மீனை மேலிருந்துதான் பார்க்க முடியும். முதுகும் வாலும் தெரியும், முகம் தெரியாது. ஆணா பெட்டையா என்று பார்க்க, ஜாடியில் மொண்டு கண்ணுக்கு நேரே தூக்க வேண்டும். அந்த வேலை சலேத்தினுடையது. அப்பா மிக்கேல்ராஜ் அதில் மட்டும் அவளை நம்பினார்.

குட்டி போடுகிற மீன்களில் பெட்டை ஒரே ஒரு முறை ஆணோடு சேர்ந்தால் போதும், அதன் விந்தணுவை உள்ளே வைத்துக்கொண்டு மாதங்கணக்கில் அந்த ஆணின் குட்டிகளையே போடும். ஆகவே ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு சேர்க்க நினைப்பவர், ஆண்களுக்கு வயிற்றடித் துடுப்பு ஊசியாக நீளுவதற்கு முன்பே, நாலாவது வாரத்துக்குள், பெட்டைகளைத் தனியே பிரித்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பெட்டையை நம்ப முடியாது. அப்படிப் பிந்திய பெட்டைகளை மிக்கேல்ராஜ் விற்கக்கூட மாட்டார். மூலைத் தொட்டியில் இரண்டு விரால்கள் கிடந்தன. கைவலையைக் கொண்டுபோய் அதன்மேல் கவிழ்ப்பார். தண்ணீர் ஒருமுறை புரண்டு அடங்கும்.

“கண்டதோட சேந்துருச்சு. இனி நமக்கு ஆகாது” என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்வதுபோலச் சொல்வார்.

கலப்பில் அவருக்குப் பெரிய ஆசை இருந்தது. பிளாட்டியையும் வாள்வாலையும் சேர்த்து மதுரைக் கடைக்காரர்கள் தேடி வருகிற ஒரு சிவப்பு மீனை உண்டாக்கியிருந்தார். மோலியையும் கப்பியையும் சேர்த்துவிட இரண்டு வருடமாகப் போராடினார். எதை எதோடு விடுவது என்று முடிவு செய்கிற நாளில் சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வருவார். தொட்டிக்குத் தொட்டி கரியால் தேதி எழுதுவார்.

ஐரின் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஏர் பம்பைப் பழுதுபார்க்க வந்துபோன மோகன்குமாரோடு அவள் போய்விட்டாள். தெருவும் வேறு, சாமியும் வேறு. இந்த வீட்டில் நடக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சலேத்திடம் மட்டும் சொன்னாள். வீடு ஒன்று பார்த்ததும் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும், மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாகவும் சத்தியம் செய்தாள். “வாசிக்கச் சொன்னா நானே ஒங்கூட வந்து பெஞ்சுல ஒக்காந்துக்கிறேன், போதுமா?” என்றாள்.

ஈஸ்டருக்கு மறு வாரம், ஐரின் கிளம்பிப்போன புதன்கிழமை காலையில், வலையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, தலையைத் தூக்காமல், அப்பா கேட்டார்: “ஏத்தா, அக்கா எங்கருந்து ரயில் ஏறுறா?”

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் சலேத்துக்கு வாய் அடைத்துப்போயிருக்கும். அவர் மெதுவாகக் கேட்டார். அவள் “கொடைரோடு” என்றாள். அந்த ஒரு சொல்தான்.

அன்று சாயங்காலம் அப்பா வந்து கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். “ஏறிப் போயிட்டா. இனி இந்த வீட்டுல அவ பேரு வரக் கூடாது” என்றார். அம்மா வியாகுலம்மாள் தட்டை வைத்து வெஞ்சனத்தைப் பரிமாறினாள். சலேத்துக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அப்பா போவதற்குள் ரயில் கிளம்பியிருக்கிறது. தன்னுடைய சொல் அக்காவைப் பிடித்து நிறுத்தவில்லை. அன்றிலிருந்து சாலையில் ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் அவள் காது நிமிர்ந்தது. அக்கா வருவாள். சொன்னால் செய்கிறவள்.

அதற்கு மறுநாள்தான் ஒன்பதாம் தொட்டி ஒழுகுகிறது என்று அப்பா அடித்தளத்தை உடைத்துப் புதிதாகப் போட்டிருந்தார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. புதுச் சிமெண்டின் காரம் இறங்க, வாழைமட்டையை வெட்டிப் போட்டு மூன்று வாரமாவது ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். மீன் வளர்க்க யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அவர் சொல்வது அதைத்தான். இந்த முறை ஒன்பதாம் நாளே மீனை விட்டுவிட்டார். மோலிக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்றார். நான்கு கறுப்பு மோலி ஆண்கள், பன்னிரண்டு கன்னிக் கப்பிகள். இரண்டு வருடமாகச் சேராதவை அந்தத் தொட்டியில் சேர்ந்தன. பன்னிரண்டு பெட்டைகளுக்கும் ஒரே வாரத்தில் வயிறு கறுத்தது. ஆண்களை அப்பா வேறு தொட்டிக்கு மாற்றினார்.

குட்டிகள் பிறந்ததிலிருந்தே அவற்றிடம் ஏதோ சரியில்லாமல் இருந்ததைச் சலேத் இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கப்பி தன் குட்டியையே தின்னும். இந்தத் தாய்கள் தின்னவில்லை, குட்டிகளைக் கண்டு ஒரு மூலையில் ஒடுங்கின. இரண்டாவது வாரத்தில் தாய்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. தொட்டிமேல் நிழல் விழுந்தால் குட்டிகள் சிதறி ஓட வேண்டும். இவை நிழலுக்குக் கீழே வந்து கூடின. பாசியும் வேறு மாதிரி இருந்தது. மற்றத் தொட்டிகளில் பச்சையாக, வழவழப்பாகப் பிடிக்கும். இதில் தளத்தின் நடுவிலிருந்து கறுப்பாக, நூல் நூலாக, நீளமாக வளர்ந்தது. அப்பா வாரத்துக்கு ஒருமுறை அதைச் சுருட்டிப் பிடுங்கித் தென்னைக்கடியில் போட்டார். வெயிலில் காய்ந்த பிறகும் அது பொடியாகவில்லை. காற்றில் உருண்டு வேலிமுள்ளில் சிக்கிக்கொண்டு மினுங்கியது.

மறுநாள், புதன்கிழமை, மூன்று குட்டிகள் கண்ணை மூடின.

சந்தேகமில்லாமல் பார்த்தாள். அந்த மெல்லிய மடிப்பு மேலிருந்து இறங்கி, கண்ணை முழுதாக மூடி, ஒரு கணம் அப்படியே இருந்து, ஏறியது. தூக்கம் வருகிற குழந்தையின் கண் அப்படித்தான் மூடும். ஜாடியை இன்னும் நெருக்கிப் பிடித்ததில் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. அந்தத் தண்ணீரில் மீன் வாடை இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் காயாமல் பின்னிக்கொண்ட முடியை அவிழ்த்தால் வருமே, அந்த வாடை வந்தது.

அன்று மத்தியானம் அப்பா கேட்டார், பிரித்து முடித்தாயா என்று. எல்லாம் பெட்டை என்றாள்.

“எல்லாமுமா? நாப்பது குட்டியில ஒரு ஆண் இல்லையா? கண்ணத் தொடச்சுட்டுப் பாரு.”

அவர் தொட்டி விளிம்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தார். மேலிருந்து பார்த்தார். சாம்பல் முதுகுகள், அகலமான தலைகள், சின்ன வால்கள். அவர் முகம் மலர்ந்திருந்தது. இந்த மாதிரித் தலை எந்த மீனுக்கும் வராது என்றார். வெள்ளிக்கிழமை மதுரைக்குச் சரக்குக் கொண்டுபோகும்போது கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வரப்போவதாகவும், அதுவரை யாரையும் உள்ளே விடக் கூடாதென்றும் சொன்னார். சலேத் கண்ணைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் ஒன்பதாம் தொட்டிப் பக்கம் போகவில்லை. மற்ற எட்டுத் தொட்டிகளுக்கும் தீனி போட்டுவிட்டு, அதற்கு மட்டும் தூரத்தில் நின்று ஒரு பிடியை வீசினாள். திரும்பி நடக்கும்போது பம்பின் முனகலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ஈரமான ஏதோ சிமெண்டை மெல்லத் தட்டுகிற சத்தம். அவள் நடந்தால் அதுவும் நகர்ந்தது. நின்றால் நின்றது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது: நாற்பதும் அவள் போகிற பக்கத்துச் சுவரில் மூக்கால் இடித்துக்கொண்டு வருகின்றன.

வெள்ளிக்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். அப்பா காற்றடைத்த மீன் பைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு விடியும்போதே மதுரைக்குப் போயிருந்தார். பம்பு நின்றால் மீன்களுக்கு மூச்சு முட்டும், ஆகவே மணிக்கொரு முறை சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கலக்கச் சொல்லியிருந்தார்.

பம்பு நின்றதும் கொட்டகை முழுக்க ஒரு பெரிய செவிட்டு அமைதி இறங்கியது. காற்றும் அன்று இல்லை. வலை தொங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் வெயிலில் சடசடவென்று நெட்டி முறித்துவிட்டு அதுவும் ஓய்ந்தது. சலேத் முதல் தொட்டியில் தொடங்கி எட்டாம் தொட்டிவரை கலக்கினாள். ஒன்பதுக்கு முன்னால் நின்றாள். அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. எந்தச் சத்தமும் இல்லாததால்தான் கேட்டது.

அக்கா.

ஓடினாள். சொம்பைக்கூட வைக்காமல் ஓடினாள்.

கேட்டுக்கு வெளியே மோகன்குமார் வண்டியை அணைக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். தனியாக வந்திருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டியிருந்தது. சலேத் அவனுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தாள். யாரும் இல்லை.

“அப்பா இல்லைல?” என்றான். அவள் தலையாட்டினாள். சட்டைக்குள்ளிருந்து ஒரு காக்கிக் கவரை எடுத்து நீட்டினான். “அவ என்னையப் பாக்க வேண்டாம் பாப்பா. இத மட்டும் அவகிட்டக் குடுத்துரு. மார்க் சீட்டெல்லாம் எங்கிட்டயே இருக்கு. வேலைக்குப் போகணும்னா வேணும்ல.”

கவரை வாங்கிக்கொண்டாள். அவன் சொன்னது அவளுக்குள் எங்கேயும் போய் உட்காரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தெடுத்து, “அக்கா ஒங்ககூடத்தான இருக்கு?” என்றாள்.

அவன் வண்டியை அணைத்தான்.

“எங்கூடவா?” என்றான். பிறகு, குரல் இறங்கி: “கொடைரோட்டுல ரெண்டு ரயிலு போற வரைக்கும் நின்னேன். வரல. சாயந்தரம் அவ நம்பர்லருந்து மெசேஜு வந்துச்சு. ‘வரல, மறந்துரு’ன்னு. அதுக்கப்புறம் போனு போகல. வீட்டுலதான் இருக்கா, மனசு மாறிட்டான்னு நெனச்சு நான் திருப்பூரு போயிட்டேன்.”

அவன் அவளைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். மூடிய கதவையும், கொடியில் காய்கிற துணிகளையும் பார்த்தான். அப்பாவின் வேட்டி, அம்மாவின் சேலை, சலேத்தின் பாவாடை. அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவளால் பார்க்க முடிந்தது.

“போலீசுக்குப் போனா மொதல்ல என்னையத்தான் பிடிப்பாங்க” என்றான், யாரிடமோ சொல்வதுபோல. “மெசேஜ் எம்போனுலதான் இருக்கு. கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதும் நாந்தான்.” வண்டியை உதைத்தான். இரண்டு முறை உதைத்தும் பிடிக்கவில்லை. மூன்றாவதில் பிடித்தது. “நீ உள்ள போ பாப்பா. நான் வந்துட்டுப் போனதச் சொல்லாத. யார்கிட்டயும் எதையும் சொல்லாத.”

புழுதி அடங்கும்வரை சலேத் கேட்டில் நின்றாள்.

யாரிடமும் எதையும் சொல்லாதே. அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். ஒரு சொல். ரயிலைப் பிடிக்க அப்பா பிந்திவிட்டார் என்று மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். அவர் பிந்தவில்லை. அக்கா ஸ்டேஷனை எட்டும் முன்பே, நேரத்துக்குப் போயிருக்கிறார்.

அப்படியென்றால் அக்கா எங்கே?

கால்கள் தாமாகக் கொட்டகைக்குள் போயின. வெயிலிலிருந்து உள்ளே வந்ததில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, பச்சை இருட்டுத்தான். பிறகு தொட்டிகளின் விளிம்புகள். பிறகு சத்தம். பம்பில்லாமல் காற்றுக் குறைந்து, எட்டுத் தொட்டிகளிலும் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நீர்மட்டத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முத்தச் சத்தங்கள். ஒன்பதாம் தொட்டியில் மட்டும் சத்தமில்லை.

போகக் கூடாது என்று நினைத்தாள். போனாள்.

நாற்பதும் விளிம்போரமாக வரிசையாக நின்றன, அவள் வரப்போகிற இடத்தில். அவற்றுக்கு மூச்சு முட்டவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்ததால் தளம்வரை தெளிந்திருந்தது. பம்பு ஓடும்போது குமிழ்கள் மறைத்திருந்த தளம். அப்பா அவசரமாகப் பூசிய தளம். காரம் இறங்கட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், தொட்டி வெறுமையாக யார் கண்ணிலும் படக் கூடாதென்று தண்ணீர் விட்டு, மீன் விட்டு மூடிய தளம்.

அதன் நடுவில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. கறுப்புப் பாசி அந்த விரிசலுக்குள்ளிருந்து வந்தது.

கையை விட்டாள். முழங்கைவரை. தோள்வரை. இரண்டு விரலில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தாள். பாசி என்றால் அறும். அறவில்லை. விரலில் சுற்றி இழுத்தாள். உள்ளே எதிலோ வேர்விட்டிருந்தது. இழுக்க இழுக்க, தலைமுடியைப் பிடித்து இழுத்தால் தோல் கூடவே வருவதுபோல, சிமெண்டுக்கு அடியில் ஏதோ மெத்தென்று அசைந்து கொடுத்தது.

விட்டுவிட்டாள்.

கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு குட்டி இருந்தது. அவள் பிடிக்கவில்லை. தானாக ஏறியிருந்தது. குழிந்த கையின் கொஞ்சத் தண்ணீரில் திரும்பி, முதல் தடவையாகப் பக்கவாட்டில் இல்லாமல் நேருக்கு நேர் அவளைப் பார்த்தது. மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் முன்னால் தெரியாது. இதற்குத் தெரிந்தன.

வலது இமை மூடியது.

சலேத் கையை முகத்தருகே கொண்டுவந்தாள்.

இடது இமை. தாமதமாக. நினைவு வந்ததுபோல.

“அக்கா” என்றாள். சத்தம் வரவில்லை.

தொட்டியில் அடுத்தது மூடியது. வலது. இடது. அதற்கடுத்தது. வலது. இடது. விளிம்போரமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அது போய்க்கொண்டே இருந்தது. நாற்பது. எண்பது கண்கள். ஒன்றுகூட ஆண் இல்லை. ஒன்றுகூட வேறு மாதிரி இல்லை. அவற்றின் வாய்கள் திறந்தன. மூடின. திறந்தன. எல்லாம் ஒரே நேரத்தில். ஒரே சொல்லை.

கவரை மார்போடு அழுத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். முதுகில் எட்டாம் தொட்டி இடித்தது. கையிலிருந்த குட்டி எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. தண்ணீரில் ‘சொத்’தென்று ஒரு சத்தம்.

நடைபாதையில் காலடி கேட்டது.

அம்மா. கையில் ஒரு கிண்ணம். சலேத்துக்கு நினைவு தெரிந்து அம்மா இந்தக் கொட்டகைக்குள் வந்ததில்லை. ஈர வாடை பட்டால் இழுப்பு வந்துவிடும் என்பாள். இப்போது தரையில் குறுக்கே கிடந்த குழாய்களைக் குனிந்து பார்க்காமலே தாண்டி வந்தாள். தாழ்ந்து தொங்கிய கம்பிக்குத் தலையைச் சாய்த்தாள். ஒன்பதாம் தொட்டியின் விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் பாசி தேய்ந்து சிமெண்டு வழுவழுவென்று வெளுத்திருந்தது. அங்கே உட்கார்ந்தாள்.

கிண்ணத்தில் பாலில் பிசைந்த சோறு இருந்தது.

குட்டிகள் சலேத்தை விட்டுத் திரும்பின. எல்லாம் ஒரே திருப்பமாக. அம்மா வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையைத் தண்ணீரில் இறக்கினாள். விரல்களை விரித்தாள். அவை வந்தன. ஒவ்வொரு விரல் நுனியையும் ஒன்று வாயில் கவ்விக்கொண்டது. இடம் கிடைக்காதவை விரலிடுக்கில், உள்ளங்கையில், மணிக்கட்டில் வாய் வைத்தன. கவ்விக்கொண்டு கண்களை மூடின. தாடைகள் அசைந்தன. சீராக. அவசரமில்லாமல். பால் குடிக்கும் அசைவு.

அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. மறு கையால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

சலேத்தின் தொண்டையில் அடைத்திருந்தது எதுவோ அப்போது பிய்ந்தது. அவளுக்கே பழக்கமில்லாத பெரிய குரலில் வந்தது.

“அம்மா, அக்கா எங்கம்மா?”

ஆஸ்பெஸ்டாஸ் அந்தக் குரலைத் திருப்பிச் சொன்னது. எட்டுத் தொட்டிகளிலும் உறிஞ்சுகிற சத்தம் நின்றது. அம்மா நிமிரவில்லை. கிண்ணம் காலியாகும்வரை உதிர்த்தாள். பிறகு கையை மெதுவாக வெளியே இழுத்தாள். அவை விட மனமில்லாமல் தொங்கி, ஒவ்வொன்றாக விழுந்தன. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றில் சின்னச் சின்ன வட்டங்களாகச் சிவந்த தடங்கள். அவற்றுக்கு அடியில் ஆறிய தடங்கள். அதற்கும் அடியில் அதைவிடப் பழையவை.

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சலேத்தின் மார்போடு ஒட்டியிருந்த காக்கிக் கவரை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். அதன்மேல் எழுதியிருந்த பெயரை ஒருமுறை பார்த்தாள். இரண்டாக மடித்துக் காலிக் கிண்ணத்துக்குள் திணித்தாள். வெந்நீர் அடுப்பு இருக்கும் பக்கமாகப் போய்விட்டாள்.